கண்ணாடித் தொட்டியில் ஒரு பவளத்திட்டு
பெரிய அளவில் அமைப்போர் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலில் பவளத்திட்டு வளர்வதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அலை நீரைக் கலக்குகிறது. ஞாயிறு ஒளி தருகிறது. எல்லையற்ற நீர்ப்பரப்பு கழிவுகளைக் கரைத்துக்கொண்டு, உஷ்ணத்தையும் உப்பின் அளவையும் ஓராண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கிறது. அத்திட்டின் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் கொண்டுவர விரும்புவோர், கடல் இலவசமாகச் செய்துவந்த இப்பணிகள் ஒவ்வொன்றையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டியவராகின்றனர். எனவே கருவிகளைத் தேர்ந்தெடுப்பது கடைப்பொருள் வாங்கும் காரியமாக முடிந்துவிடுவதில்லை. கடலின் எந்தப் பணியை எந்தச் சாதனம் மேற்கொள்கிறது என்பதை அறிந்து, அச்சாதனம் கைவிட்டால் உயிர்கள் என்னாகும் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்க்கும் காரியம் அது.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் பவளத்திட்டுகள் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும், இலட்சத்தீவுகளிலும், கட்ச் வளைகுடாவிலும் அமைந்துள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் உஷ்ணம் மிகுந்தபோது மன்னார் வளைகுடாப் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன, பல மடிந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், திட்டுக் கட்டும் கெட்டிப் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அவற்றுடன் கருப்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியனவும் இடம்பெற்றன. ஆகவே இவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும், வாங்குவதும், விற்பதும் குற்றமாகும். அயல்நாட்டிலிருந்து தருவிப்பதானாலும் உரிய அனுமதிகள் வேண்டும். கல்லூரியோ, காட்சிசாலையோ, வசதியுள்ள இல்லமோ, எவராயினும் முதல் ரூபாயைச் செலவிடுமுன் வனத்துறையை அணுகி, தாம் வளர்க்கக் கருதும் உயிர்களின் பட்டியலைக் காட்டித் தெளிவு பெறுதல் கடமை. தொட்டியில் எவ்வுயிர் வாழப்போகிறது என்பது முடிவான பின்னரே, அதற்கு எவ்வளவு ஒளி, எவ்வளவு நீரோட்டம் என்னும் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

இக்கலை வளர்ந்த வரலாறும் கருவிகளின் தேவையை விளக்கும். 1961-ஆம் ஆண்டில் ஜாகர்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் செறிந்த கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்த்த முறையை ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியிட்டார். கடல் அருகில் இருந்தது, வேண்டும்போது புதுநீர் கிடைத்தது, வெயிலும் குறைவில்லை. அவருக்குக் கருவிகள் தேவைப்படவில்லை. கடலினின்று தொலைவில், வெயில் குன்றிய ஜெர்மனியில் இதே முயற்சியை மேற்கொண்டவர்களோ, வலிய விளக்குகளையும், நுரை பிரிக்கும் சாதனத்தையும், தெளிந்த சுண்ணாம்பு நீரையும் துணைக்கொண்டனர். 1970-களில் பீட்டர் வில்கன்ஸ் போன்றோர் பரப்பிய இம்முறையே இன்றைய தொட்டிகள் பலவற்றிற்கு அடிப்படை. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரில் 1987-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சிசாலையில், ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் லிட்டர் கொள்ளும் பவளத்தொட்டியைத் திறந்த வானின்கீழ் அமைத்து, வெயிலையே விளக்காக்கி, அலை எழுப்ப ஒரு யந்திரத்தையும், கழிவை உண்ணப் பாசித் தட்டுகளையும் வைத்தனர். இடத்திற்கேற்பக் கருவி மாறும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

நம் ஆராய்ச்சிக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். நீளம் 240 சென்டிமீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், நீரின் ஆழம் 70 சென்டிமீட்டர். இத்தொட்டி ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். இதனினும் ஆழமாக அமைத்தால் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். ஆனால் அடியிலுள்ள பவளத்தைத் தொட்டுச் சீர்செய்யக் கை எட்டாது. ஒளியும் எளிதில் இறங்காது. ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதே அறிவுடைமை.

இந்நீர் மட்டும் ஒன்றரை டன் எடையுள்ளது. 19 மில்லிமீட்டர் கண்ணாடி முந்நூறு கிலோவுக்கு மேல். பாறை, மணல், இரும்புத் தாங்கி, கீழே வைக்கும் துணைத்தொட்டி எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். இவ்வளவு பாரமும் இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தரையின்மீது நிற்கிறது. அஃதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. குடியிருப்பு வீடுகளின் மாடித் தளங்களை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரம் தாங்குமாறு கணக்கிட்டே நம் நாட்டில் கட்டுகின்றனர். எனவே பெருந்தொட்டி தரைத்தளத்தில் இருத்தல் வேண்டும். மாடியில்தான் வேண்டுமெனில் கட்டடப் பொறியாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். கண்ணாடியில் குழாய்த் துளைகள் இடவேண்டியிருப்பின், பதமேற்றிய கண்ணாடி ஆகாது; துளையிட்டால் அது நொறுங்கிவிடும். கட்டி முடித்த தொட்டியை உரிய இடத்தில் வைக்குமுன், வெளியில் ஒரு வாரம் நன்னீர் நிரப்பி ஒழுக்கு உண்டா எனப் பார்ப்பது நலம்.

இனி, ஒவ்வொரு கருவியை நோக்கியும் நாம் கேட்கவேண்டிய இரு வினாக்களை இங்கேயே குறித்துக்கொள்வோம். ஒன்று: இஃது ஓடாமல் நின்றுவிட்டால் என்ன நேரும்? மற்றொன்று: இது நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் என்ன நேரும்? விலைப்பட்டியல் இவ்வினாக்களுக்கு விடை தராது. ஆயினும் தொட்டியின் ஆயுளை நிர்ணயிப்பவை இவையே.

கருவிகளை வைப்பதற்குப் பெருந்தொட்டியின் கீழே ஒரு துணைத்தொட்டி அமைப்பது வழக்கம். மேல்தொட்டியின் நீர் ஒரு மதகின் வழியாக வழிந்து கீழே இறங்கும். பம்பு அதனை மீண்டும் மேலேற்றும். மின்சாரம் நின்றால் என்ன நேரும்? மேல்தொட்டியின் நீர், மதகின் மட்டம் வரையிலும், மேலேற்றும் குழாயின் வாய் வரையிலும் கீழே இறங்கிவிடும். நம் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் ஏறத்தாழ 22 லிட்டர்; மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் 65 லிட்டர். இதனைத் தாங்கும் வெற்றிடம் துணைத்தொட்டியில் எந்நேரமும் இருத்தல் வேண்டும். இல்லையேல் முதல் மின்வெட்டிலேயே கூடம் உப்புநீரில் மிதக்கும். மேலேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்தல் வேண்டும். ஆழத்தில் வைத்தால் அதுவே நீரை உறிஞ்சி இறக்கிவிடும். ஒருவழித் தடுக்கை நம்பியிருப்பது தகாது. அதில் ஒரு நத்தை அமர்ந்தாலும் போதும், அது மூடாது. நீர் இறங்கும் குழாய்கள் மூன்று இருப்பது நன்று: ஒன்று முழுமையாக நீர் நிரம்பி ஓசையின்றி இறங்க, ஒன்று மிகுதியை ஏற்க, மூன்றாவது எக்காலமும் வெறுமையாக நின்று, முன்னிரண்டும் அடைபட்டால் மட்டும் உதவ.

மேலேற்றும் பம்பு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு, அஃதாவது 6,000 லிட்டர் தந்தால் போதும். ஆனால் பம்பின்மீது பொறித்துள்ள எண், நீரை உயர்த்தாத நிலையில் எடுத்த எண்ணாகும். இரண்டு மீட்டர் உயரமும் குழாயின் வளைவுகளும் சேரும்போது அது பெரிதும் குறையும். எனவே உயரத்திற்கேற்ற நீரளவைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். பம்பின் உட்பகுதியில் நீர்படும் இடத்தில் பித்தளையோ செம்போ இருத்தலாகாது; முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சாகும்.

தொட்டிக்குள் அலைபோல் நீரைச் சுழற்றுவதற்கு வேறு பம்புகள் வேண்டும். பவளம் இடம்பெயராத உயிர்; அதற்கு உணவும் பிராணவாயுவும் நீரோட்டமே கொண்டுவந்து தருகிறது; அதன் மேனியில் படியும் அழுக்கையும் அதுவே நீக்குகிறது. கெட்டிப் பவளங்களுக்கு மணிக்குக் கொள்ளளவின் இருபது, முப்பது மடங்கு நீர் சுழலுமாறு அமைப்பது வழக்கம். இதனை ஒரே பெரிய பம்பால் பெறுவதைவிட, மூன்று நான்கு சிறு பம்புகளால் எதிரெதிர்த் திசைகளில் மாறிமாறி இயக்கிப் பெறுவதே மேல். ஒன்று பழுதானாலும் ஏனையவை உயிர்களைக் காக்கும்.

மின்வெட்டின்போது முதலில் வரும் ஆபத்து உஷ்ணமன்று; பிராணவாயுக் குறைவே. 27 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நன்னீர் எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான பிராணவாயுவைக் கரைத்துக்கொள்ளும். கடல்நீரோ ஆறரை மில்லிகிராம் அளவே கொள்ளும். நிலைத்து நிற்கும் நீரில், இரவில், மீன்களும் பவளங்களும் பாக்டீரியாக்களும் சில மணி நேரத்தில் அதனை உண்டு தீர்த்துவிடக்கூடும். ஆகவே எல்லாக் கருவிகளையும் இயக்கும் ஜெனரேட்டர் இல்லாதோரும், சுழற்சிப் பம்புகளில் இரண்டையேனும் இன்வர்ட்டருடன் இணைத்தல் இன்றியமையாதது. வீடுகளில் வழங்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று, 30 வாட் பம்புகள் இரண்டை ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் இயக்கும். தொட்டிக்காகச் செய்யும் செலவுகளில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

அடுத்தது நுரைப் பிரிப்பான். கடைக்காரர் இதனைப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்பர். கடற்கரையில் அலை அடிக்கும்போது நுரை ஒதுங்குவதை அனைவரும் கண்டிருக்கிறோம். நீரில் கரைந்துள்ள உயிர்ப்பொருள்களில் பல, காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. உயரமான குழாயினுள் மிக நுண்ணிய குமிழிகளை நீருடன் கலந்தால், அவை அழுக்கைச் சுமந்து மேலேறி, கருநிற நுரையாகி, மேலுள்ள கிண்ணத்தில் வழியும். அழுக்கு அழுகி அம்மோனியாவாக மாறுமுன்பே அதனை நீக்குவது இதன் சிறப்பு. நீருக்குக் காற்றூட்டுவது இதன் இரண்டாம் பயன். தயாரிப்பாளர் கூறும் கொள்ளளவு பெரும்பாலும் தாராளமானது. எனவே 1,500 லிட்டர் தொட்டிக்கு 2,500 லிட்டருக்கெனக் குறித்ததை வாங்குவதே பொருத்தம். துணைத்தொட்டியில் இது நிற்கும் அறையின் நீர்மட்டம் ஏறியிறங்காமல் இருத்தல் வேண்டும். மட்டம் மாறினால் ஒருநாள் நுரையே வராது, மறுநாள் கிண்ணம் நிரம்பி வழியும்.

நுரைப் பிரிப்பான் விட்டுவைத்ததைப் பாறைகளில் வாழும் பாக்டீரியாக்கள் ஏற்கின்றன. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் உட்துளைகளில், பிராணவாயு எட்டாத இடத்தில் வாழும் வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இப்பாறையும் ஒரு கருவியே. கடற்கரையில் கிடைக்கும் இறந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி இதற்குப் பயன்படுத்துதல் தகாது. சட்டமும் அதற்கு இடந்தராது. சுட்ட மண்ணாலான நுண்துளைக் கற்களை அடுக்கி, பாக்டீரியா வித்திட்டு, நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்திருந்தால் அதே பயனைப் பெறலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாத நிலை வந்த பின்னரே முதல் உயிரை விடலாம். விலை கொடுத்து வாங்க முடியாத கருவி இந்தப் பொறுமை.

ஒளியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். பவளத்தின் திசுக்களுள் கண்ணுக்குப் புலனாகாத பாசி வாழ்கிறது. பவளத்தின் உணவில் பெரும்பகுதியை ஒளியின் துணையால் ஆக்கித் தருவது அதுவே. ஆகவே விளக்கின் வாட் அளவைக் கேட்பதில் பொருளில்லை. பாசி பயன்படுத்தக்கூடிய ஒளி, பவளம் இருக்கும் ஆழத்தில் எவ்வளவு என்பதே கேள்வி. இதனை ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் மைக்ரோமோல் என்னும் அளவால் குறிப்பர். நண்பகல் வெயில் இவ்வளவையில் ஏறத்தாழ 2,000. மெல்லிய பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். கிளைத்து வளரும் கெட்டிப் பவளங்களுக்கு 200 முதல் 400 வரை வேண்டும். முன்னர் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் குழல் விளக்குகளும் இதற்குப் பயன்பட்டன. அவை நல்லொளி தந்தன, ஆயின் நீரையும் கூடத்தையும் சூடாக்கின. எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில், குறைந்த வெப்பத்தில் அதே ஒளியைத் தருகின்றன. நீல ஒளியைத் தனியே கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கின்றன. 90 சென்டிமீட்டர் அகலத்திற்கு ஒரே வரிசை விளக்கு போதாது. பவளக் கிளைகளின் ஒரு பக்கம் நிழலில் கிடந்து வெளிறும். இரு வரிசையாகவே அமைத்தல் வேண்டும். ஒளியளவைக் காட்டும் மீட்டரை இரவலாகவேனும் பெற்று, தொட்டியின் பல இடங்களில் அளந்து பார்த்தல் நன்று. புதிய விளக்கை முழு வலிவில் ஏற்றுவது பசியுற்றவனுக்கு விருந்து படைப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பவளத்தைச் சுட்டுவிடும். பாதி ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல ஏற்றுதல் வேண்டும்.

நம் நாட்டில் தொட்டிகளுக்குப் பெரும்பகை உஷ்ணமே. நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருத்தல் நலம். கோடையின் உச்ச நிலைக்கு மேல் ஒரே ஒரு டிகிரி சில வாரங்கள் நீடித்தாலும் கடலிலேயே பவளம் வெளுக்கிறது என்பதை நினைவிற்கொள்க. நீரின் மேற்பரப்பில் காற்று வீசச் செய்வது எளிய வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியானால், 1,500 லிட்டர் நீரின் உஷ்ணம் ஏறத்தாழ 0.4 டிகிரி குறையும். நாகபுரியின் உலர்ந்த கோடையில் இம்முறை வியக்கத்தக்க பயன் தரும். ஆயின் மும்பையிலும் சென்னையிலும், காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. அங்கே குளிர்விக்கும் யந்திரமாகிய சில்லர் தேவைப்படும். சில்லர் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை எங்கேயோ வெளியிட்டாகவேண்டும். அதனைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் அடைத்துவைத்தால், வெளியிட்ட வெப்பத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டு ஓயாது உழைக்கும். கூடத்திற்கு வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். அதன் உட்சுருள் டைட்டேனியம் உலோகத்தாலானதா என்பதையும் கேட்டறிக.

டில்லி போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சூடேற்றியும் வேண்டும். 1,000 வாட் சூடேற்றி ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால், வெளியேறும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் தொட்டி நீரை மணிக்கு அரை டிகிரிக்கு மேல் சூடாக்கும். ஓர் இரவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மாறாக 500 வாட் சூடேற்றிகள் இரண்டை வைத்தால், ஒன்று சிக்கினாலும் கேடு மெதுவாகவே வரும். ஒன்று நின்றாலும் மற்றது ஓரளவு காக்கும். நாம் முன்பு குறித்த இரு வினாக்களுக்கும் இந்த ஓர் ஏற்பாடு விடையளிக்கிறது.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு 20 லிட்டர் குறைந்தால் மூன்று நாளில் 35 என்னும் உப்பளவு 36-ஐத் தாண்டும். ஆகவே மட்டம் குறைந்தவுடன் நன்னீரைத் தானே சேர்க்கும் மிதவைக் கருவி தேவை. இம்மிதவை சிக்கிக்கொண்டு நீரை விட்டுக்கொண்டேயிருந்தால்? அதற்காகவே அக்கருவியை நேரே வீட்டுக் குழாயுடன் இணைக்காமல், 60 லிட்டர் கொள்ளும் தனிக் கலத்துடன் இணைத்தல் வேண்டும். அக்கலம் முழுவதும் தொட்டியில் கொட்டினாலும் உப்பளவு 33½ அளவுக்கே இறங்கும், உயிர்கள் தப்பும்.

சேர்க்கும் நீர் எதிர்மறைச் சவ்வூடு பரவல் முறையில், அஃதாவது ஆர்.ஓ. யந்திரத்தில் வடித்து, பின்னர் அயனி நீக்கும் பிசினிலும் வடித்ததாக இருத்தல் வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் உள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியன பாசியை வளர்க்கும். ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை கழிவுநீர் வெளியேறும். தண்ணீர் அருமையான நம் நகரங்களில் அதனைச் சாக்கடையில் விடாது, தரை கழுவவும் துணி துவைக்கவும் பயன்படுத்துதல் முறை. தொட்டியை முதன்முறை நிரப்ப ஏறத்தாழ 55 கிலோ செயற்கைக் கடலுப்பு வேண்டும்; சமையலுப்பு உதவாது.

பவளம் தன் கூட்டைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. எனவே நீரிலுள்ள கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் அளவில் நிலைத்திருத்தல் வேண்டும்; காரத்தன்மையும் மக்னீசியமும் அதற்கு இணையாக நிற்கவேண்டும். பவளங்கள் சிலவே உள்ள தொடக்க காலத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரே போதும். அது கடுங்காரமானது ஆகையால் இரவில் துளித்துளியாக விடுதல் வேண்டும். பவளங்கள் பெருகிய பின், கரைசல்களை அளந்து ஊற்றும் பம்புகளோ, கரியமிலவாயுவால் சுண்ணாம்புக் கற்களைக் கரைக்கும் கலமோ தேவைப்படும். இவற்றை முதல் நாளே வாங்கவேண்டியதில்லை. இடம் மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும்.

உப்பளவு காணும் கருவி, உஷ்ணமானிகள் இரண்டு, சோதனைப் பெட்டிகள் ஆகியன சிறு செலவே. ஆயின் இவையின்றி ஏனைய கருவிகளை வைத்திருப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதாகும். உப்புநீரும் மின்சாரமும் ஓரிடத்தில் இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் கட்டாயம் வேண்டும். மின்கம்பி ஒவ்வொன்றும் செருகுமிடத்திற்குக் கீழே தொய்ந்து வளைந்து பின் மேலேறுமாறு அமைத்தால், கம்பி வழியே வழியும் நீர் செருகியை அடையாது. சுழற்சிப் பம்புகளை வேறு இணைப்பில் வைத்தால், ஒன்றின் கசிவால் எல்லாமே நின்றுபோகாது.

மாதச் செலவையும் எண்ணிப் பார்ப்போம். 700 வாட் விளக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் 6 யூனிட்டுக்கு மேல். பம்புகளும் நுரைப் பிரிப்பானும் நாள் முழுதும் ஓட 6 யூனிட். சில்லர் கோடையில் 7 யூனிட். ஆக நாளொன்றுக்கு ஏறத்தாழ 20, மாதத்திற்கு 600 யூனிட். இதனைப் பல்லாண்டுகள் தாங்க இயலுமா என்று எண்ணிப் பார்த்த பின்னரே தொட்டியின் அளவை முடிவு செய்தல் வேண்டும். இயலாதெனில் பாதியளவுத் தொட்டியை நன்றாக வைத்திருப்பதே சிறப்பு.

பணத்தைப் பங்கிடுகையில் வரிசை இவ்வாறு அமையலாம்: முதலில் தரையும் தாங்கியும் தொட்டியும், அடுத்து மின்வெட்டுக்கான ஏற்பாடும் மின்பாதுகாப்பும், பின்னர் நீரோட்டம், குளிர்ச்சி, நுரைப் பிரிப்பான், ஒளி, இறுதியில் தானியங்கிக் கருவிகள். பலர் விளக்கில் தொடங்கி, கையிலுள்ளதைச் செலவிட்டு, பாட்டரிக்குப் பணமின்றி நிற்கின்றனர். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் பவளம் பொறுத்துக்கொள்ளும். நீர் ஓரிரவு அசையாவிட்டால் பொறுக்காது. கடலிலிருந்தோ வேறொரு தொட்டியிலிருந்தோ வந்த உயிர் நம் பொறுப்பில் வாழ்கிறது என்னும் எண்ணத்தோடு இவ்வரிசையைக் கைக்கொள்வோர்க்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல வளரும் ஒரு சிறு பவளத்திட்டைத் தம் கூடத்திலேயே காணும் பேறு கிட்டும்.